கிளட்ச் இறுக்கம் பார்க்க: கையா, தராசா, டார்க் ரெஞ்சா?

கிரஷர், பெரிய பம்ப் மாதிரி இடங்களில் டீசல் எஞ்சினுக்குப் பின்னால் நீட்டு லிவரோடு இருக்குமே, அந்தக் கிளட்சைத்தான் சொல்கிறேன். தள்ளத் தள்ள லிவர் கனக்கும்; ஓர் இடத்தில் 'டக்'கென்று தாண்டி உட்காரும். தாண்டுவதற்குச் சற்று முன்னால் கேட்கிற பலம்தான் இறுக்கத்தின் அளவு. உள்ளே உராய்ந்து பிடிக்கிற பிளேட் தேயத் தேய அது குறையும். கவனிக்காமல் விட்டால் லோடில் வழுக்கி, சூடேறி, பிளேட் கருகிவிடும்.

"கையிலேயே தெரியும்ணே" என்பார்கள் ஆபரேட்டர்கள். பாதி உண்மை. தினமும் அதே லிவரைத் தள்ளுகிறவருக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆனால் லிவரில் யாராவது பைப் செருகியிருந்தால்? நீளம் இரட்டிப்பானால் தள்ள வேண்டிய பலம் பாதிதான். ஒரு குவாரியில் "கனமாத்தாண்ணே இருக்கு, ஆனா வழுக்குது" என்றார்கள். லிவர் மாட்டியிருக்கிற குறுக்கு ஷாஃப்டின் புஷ்ஷில் கிரீஸ் காய்ந்து இறுகிக் கிடந்தது. கனம் முழுக்க அங்கேதான், கிளட்சில் இல்லை. (இதில் டார்க் ரெஞ்சும் ஏமாறும். எதை வைத்து அளந்தாலும் முதலில் கிரீஸ் அடியுங்கள்.)

அடுத்தது கொக்கித் தராசு. மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். லிவர் நுனியில் மாட்டி இழுத்து, தாண்டும்போது வந்த உச்சத்தைக் குறிக்க வேண்டும். 60 செ.மீ. லிவரில் 25 கிலோ காட்டினால், ஷாஃப்டில் திருப்பு விசை (டார்க்) சுமார் 147 நியூட்டன் மீட்டர். சிக்கல் கோணத்தில்தான். லிவருக்குச் செங்குத்தாக இழுக்காமல் 45 டிகிரி சாய்த்து இழுத்தால், அதே கிளட்சுக்குத் தராசு 35 கிலோ காட்டும். தளர்ந்த கிளட்சை நல்ல இறுக்கம் என்று நம்பிக் கிளம்பிவிடுவோம். லிவரோ வளைவில் நகர்கிறது. தராசைக் கூடவே திருப்பிக்கொண்டு போக இரண்டு பேர் வேண்டும்.

என் கை போவது திருப்பு விசையை நேராக அளக்கிற டார்க் ரெஞ்சுக்குத்தான். லிவரைக் கழற்றிவிட்டு ஷாஃப்டிலேயே ரெஞ்சை மாட்டினால் கோணம், லிவர் நீளம், லிவரின் சொந்த எடை மூன்றும் கணக்கிலிருந்து போய்விடும். கையேட்டில் உள்ள எண்ணோடு நேராக ஒப்பிடலாம். முள் வைத்த ரெஞ்சு நல்லது. உச்சத்தில் நிற்கும் கூடுதல் முள் இருந்தால் இன்னும் நல்லது. வைத்த அளவை எட்டியதும் சத்தம் போடுகிற 'கிளிக்' ரெஞ்சு மட்டும்தான் இருக்கிறதா? கையேட்டின் கீழ் எல்லைக்கு வைத்துத் தள்ளுங்கள்: தாண்டுமுன் கிளிக் வர வேண்டும். மேல் எல்லைக்கு வைத்தால் வரக்கூடாது. ஷாஃப்ட் முனையில் ரெஞ்சு மாட்ட இடமில்லாத பழைய மெஷினுக்குத் தராசே கதி.

திருத்துவது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். எஞ்சினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி, வழுக்கிச் சூடான கிளட்ச் என்றால் ஆறவிட்டு, மூடியைத் திறக்க வேண்டும். கிளட்ச் விட்ட நிலையில் லாக் பின்னை இழுத்து, அது பிடித்திருக்கிற திருத்து வளையத்தை ஒரு பல் மட்டும் இறுக்கும் பக்கம் திருப்பி, பின் உட்கார்ந்ததா என்று பார்த்து மறுபடி அளக்கணும். அவசரப்பட்டு நாலு பல் திருப்பினால் லிவர் தாண்டாமல் பாதியில் நிற்கும். பேரிங் மேல் விடாமல் அழுத்தம் விழும், லோடில் லிவர் எகிறி வெளியே வரும். புது பிளேட் என்றால் முதல் சில நாளில் மளமளவென்று படியும். இன்றைக்குச் சரியாக வைத்தது நாளைக்கே தளர்ந்திருக்கும். அதனால் புது பிளேட் போட்ட இடத்துக்கு மறுநாளும் ரெஞ்சோடுதான் போவேன்.