அம்மாவின் பல்செட்: கையால் செய்ததா, கடைந்தெடுத்ததா?

அம்மா ஒன்பது வருடமாகப் போட்டிருந்த பல்செட்டின் மேல்பாதி, ஒரு நாள் காலை கழுவும்போது வாஷ்பேசினில் விழுந்து நட்டநடுவில் பிளந்தது. புதிது செய்யப் போனபோது டாக்டர் மூன்று வழி சொன்னார். பழையபடி மெழுகில் பல் அடுக்கி அக்ரிலிக்கில் வார்ப்பது; கணினியில் வடிவமைத்து அக்ரிலிக் கட்டியிலிருந்து மெஷினில் கடைந்தெடுப்பது; முப்பரிமாண அச்சு. நாங்கள் கடைந்ததை எடுத்தோம். ஒன்றரை வருடம் ஆகிறது.

பார்வைக்கு வித்தியாசம் இல்லை. பழைய செட்டுக்கு ஐந்து தடவை போய்வந்தோம், இதற்கு மூன்று. வித்தியாசம் தெரிவது பிடிமானத்தில்தான். பழைய முறையில் அக்ரிலிக் பொடியையும் திரவத்தையும் பிசைந்து அச்சில் திணித்து வேகவைக்கும்போது, அக்ரிலிக் இறுகிக்கொண்டே சுருங்கும். கன அளவில் ஏறக்குறைய 7 சதவீதம். மேல் செட்டின் பின் விளிம்பு அண்ணத்தை விட்டு மயிரிழை தூக்கினாலே போதும், காற்று புகுந்து பிடி விட்டுவிடும். கைதேர்ந்த டெக்னீஷியன்கள் இதை எதிர்பார்த்து, வாயின் பிளாஸ்டர் அச்சில் அந்த இடத்தை லேசாகச் சுரண்டி வைப்பார்கள். கடையும் கட்டியோ தொழிற்சாலையிலேயே வெந்து, சுருங்க வேண்டியது சுருங்கி முடிந்து வருகிறது. அம்மாவுக்கு மேல் செட் முதல் நாளே கப்பென்று ஒட்டிக்கொண்டது. கீழ் செட் விஷயத்தில் பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நாக்கு தள்ளத்தான் செய்கிறது.

டிஜிட்டல் என்றதும் வாய்க்குள் கேமராவை விட்டு அளவெடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். டாக்டர் பச்சை நிறக் குச்சி ஒன்றைத் தீயில் காட்டி இளக்கி, அளவெடுக்கும் டிரேயின் விளிம்பில் ஒட்டி, "உதட்டைக் குவிங்கம்மா, இப்ப வாயை நல்லாத் திறங்க" என்று ஆரம்பித்தார். பல்லே இல்லாத வாயில் கன்னச்சதை அசையும்போது எதுவரை இழுபடும் என்பதை ஸ்கேனர் பிடிக்காதாம். கையால் எடுத்த அந்த அளவைத்தான் பிறகு ஸ்கேன் செய்தார்கள். கடி உயரமும், அதாவது மேல் தாடைக்கும் கீழ் தாடைக்கும் இடையே எவ்வளவு உயரம் வேண்டும் என்பதும், அப்படியே. எச்சில் விழுங்கச் சொல்லி, "ம்ம்" என்று இழுக்கச் சொல்லி, ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "என்ன டாக்டர், பாட்டு கிளாஸா?" என்றார் அம்மா. இந்தக் கைவேலை சரியில்லை என்றால் எந்த மெஷினும் காப்பாற்றாது.

கடைந்ததை எடுத்தது சரிதான் என்று எனக்கு உறுதியானது வேறொன்றால். ஆறு மாதத்துக்கு முன் அம்மா கீழ் செட்டைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி வைக்க, யாரோ குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். பழைய முறை என்றால் அளவெடுப்பதில் தொடங்கி எல்லாம் முதலிலிருந்து. இந்தத் தடவை லேபில் ஃபைல் இருந்தது. நாலாம் நாள் அதே கீழ் செட் வந்தது, அம்மா நாற்காலியில் உட்கார்ந்தது பொருத்திப் பார்க்க மட்டும். எழுபது வயது தாண்டியவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கி அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆனால் ஃபைலுக்கு நினைவிருப்பது அளவெடுத்த அன்றைய வாய். பல் போன எலும்பு தேய்ந்துகொண்டே இருக்கும். ஐந்தாறு வருடம் கழித்து அதே ஃபைலில் செய்தால் அழகாக இருக்கும், பொருந்தாது.

குறையும் உண்டு. கடைந்த ஈறில் குழி வெட்டிப் பற்களைத் தனியாக ஒட்டுகிறார்கள். எட்டாவது மாதம் முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. திரும்ப ஒட்டினார்கள், இதுவரை அசையவில்லை.

அச்சிட்ட செட்டைப் பற்றி அதிகம் பேச எனக்கு அனுபவம் போதாது. போட்டுப் பார்க்க ஒன்று அச்சிட்டுக் கொடுத்தார்கள், அதோடு சரி. கடைந்ததைவிட வலு குறைவு, கறை சீக்கிரம் ஏறும் என்று டாக்டரே சொன்னார்.

நல்ல டெக்னீஷியன் பக்கத்திலேயே இருந்து, வாய்க்கும் பழைய செட் பொருந்திப் பழகியிருந்தால் கையால் செய்வதையே தொடரலாம். ரிப்பேரும் எங்கும் பார்ப்பார்கள். எதை வாங்கினாலும் கழுவும்போது பேசினில் பாதித் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அம்மா அடியில் துண்டு ஒன்றும் விரிக்கிறார்.