மேக்ரோ பேட் கட்ட எந்த போர்டு, எந்த ஃபர்ம்வேர்?

மேக்ரோ பேட் என்பது, ஒரு பட்டனை அழுத்தினால் நாம் வைத்திருக்கிற விசைகளையோ வாக்கியத்தையோ கணினிக்கு அனுப்புகிற சின்ன கீபோர்டு. அதைக் கட்டலாம் என்று இறங்குகிற பலரும் முதலில் மாட்டிக்கொள்வது அதன் மூளையான போர்டு விஷயத்தில்தான். புரோ மைக்ரோவா, பிக்கோவா, இல்லை டிராயரில் சும்மா கிடக்கிற ஈஎஸ்பி32-ஐயே வைத்து ஒப்பேற்றலாமா என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். போர்டை விட முக்கியமானது, ஒரு பட்டனின் வேலையை மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது. 9 பட்டனோ 12 பட்டனோ, எதில் எதை வைப்பது என்று கட்டும்போது யாருக்கும் சரியாகத் தெரியாது, புழங்கப் புழங்கத்தான் தெரியும், அதனால் ஆரம்பத்தில் மாற்றிக்கொண்டேதான் இருப்போம். மாற்றுவது தொல்லை என்றால் விட்டுவிடுவோம், அப்புறம் அது மேசை ஓரத்தில் தூசி படிந்து கிடக்கும்.

முதலில் எதெல்லாம் கழிகிறது என்று பார்ப்போம். அர்டுயினோ ஊனோ, நானோ இரண்டும் வேண்டாம். அவற்றில் இருக்கிற ஏடிமெகா328பி சிப்புக்கு சொந்தமாக யூஎஸ்பி கிடையாது, கணினிக்கு அது ஒரு சீரியல் போர்ட்டாகத்தான் தெரியும், கீபோர்டாகத் தெரியாது. பழைய ஈஎஸ்பி32-க்கும் இதே குறைதான், ப்ளூடூத் வழியாக மட்டும் கீபோர்டாக நடிக்கும். எஸ்2, எஸ்3 வகைகளில் யூஎஸ்பி இருக்கிறது, ஆனால் நாம் கீழே பார்க்கப்போகிற க்யூஎம்கே என்கிற ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடுகிற மென்பொருள்) அவற்றில் ஓடாது. ஆக கம்பி வழி என்றால் மிஞ்சுவது இரண்டு: ஏடிமெகா32யூ4 சிப் உள்ள புரோ மைக்ரோ, ஆர்பி2040 சிப் உள்ள ராஸ்பெர்ரி பை பிக்கோ.

புரோ மைக்ரோவில் 32 கிலோபைட் ஃப்ளாஷ், அதில் ஃபர்ம்வேரை ஏற்ற உதவுகிற பூட்லோடர் 4 எடுத்துக்கொள்ளும், மீதி 28. வெறும் பட்டன்களுக்கு இது தாராளம். ஆனால் ஒரு சின்ன ஓலெட் திரை, வண்ண விளக்கு, பிரவுசரிலேயே பட்டன்களை மாற்ற உதவுகிற வியா செயலிக்கு ஆதரவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் இடம் பத்தாமல் எதை வெட்டலாம் என்று தேட ஆரம்பிப்பீர்கள். அமைப்புகளைச் சேமிக்கிற ஈப்ராம் நினைவகம் 1 கிலோபைட்தான், பட்டன் அமைப்புகளும் மேக்ரோவில் எழுதி வைக்கிற வாக்கியங்களும் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். நாலைந்து நீளமான மின்னஞ்சல் பதில்களை வைத்தாலே அது நிறைந்துவிடும். 2021-இல் வந்த பிக்கோவில் 2 மெகாபைட் ஃப்ளாஷ், 264 கிலோபைட் ராம், 26 பின்கள். ஃபர்ம்வேர் ஏற்றுவதும் எளிது: பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினால் பென்டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் வரும், யூஎஃப்2 ஃபைலை அதில் போட்டால் முடிந்தது. புரோ மைக்ரோவில் ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் இரண்டு தடவை சட்டென்று தொட்டு, பூட்லோடர் விழித்திருக்கிற 8 விநாடிக்குள் ஏற்றியாக வேண்டும்.

பிக்கோவுக்கும் குறை உண்டு. அது 3.3 வோல்ட்டில் ஓடுவது. பட்டன்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஆனால் 5 வோல்ட்டில் எரிகிற டபிள்யூஎஸ்2812 வண்ண விளக்குகள் டேட்டா பின்னில் ஏறக்குறைய 3.5 வோல்ட்டாவது எதிர்பார்க்கும். பெரும்பாலும் எரிந்துவிடும், சில நேரம் கண்டபடி மினுக்கும், அப்போது நடுவில் வோல்ட்டை உயர்த்தித் தருகிற ஒரு லெவல் ஷிஃப்டர் தேவைப்படும். புரோ மைக்ரோவின் 5 வோல்ட் வகையில் இந்தத் தலைவலி இல்லை. அப்புறம் அது அளவில் சின்னது, ஒல்லியான பெட்டிக்குள் உட்காரும். கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தாராளமாக அதில் கட்டுங்கள், புதிதாக வாங்குவதென்றால் பிக்கோதான்.

இனி ஃபர்ம்வேர். உண்மையான போட்டி இங்கேதான்.

அர்டுயினோவின் கீபோர்ட் லைப்ரரியை வைத்து நாமே எழுதுவது ஒரு வழி. எப்படி வேலை செய்கிறது என்று அடிமுதல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒரு தடவை அழுத்தியதை இரண்டு தடவையாக எண்ணாமல் தடுக்கிற டிபவுன்ஸ், ஒரே பட்டனுக்குப் பல வேலை தருகிற லேயர், தட்டினால் ஒன்று பிடித்தால் இன்னொன்று என்கிற வசதி எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும், ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுபடி கம்பைல் செய்து ஏற்ற வேண்டும். கற்றுக்கொள்ள சரி, தினசரி புழக்கத்துக்கு எனக்கு ஒத்துவராது.

க்யூஎம்கேயில் அதெல்லாம் தயாராகவே இருக்கிறது. முதல் முறை மட்டும் எந்தப் பின்னில் எந்தப் பட்டன் என்று எழுதி கம்பைல் செய்ய வேண்டும், அதற்கான சூழலை நிறுவுவது புதியவர்களுக்குக் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். வியா ஆதரவோடு ஒரு தடவை ஏற்றிவிட்டால் அதன் பிறகு குரோம் போன்ற பிரவுசரிலேயே பட்டனைக் கிளிக் செய்து வேலையை மாற்றலாம், அந்த நொடியே மாறிவிடும், கம்பைலரை மறந்துவிடலாம். நாமே கட்டிய பேட் என்றால் அதன் அமைப்பைச் சொல்லும் ஜேசான் ஃபைலை வியாவில் நாம்தான் ஏற்ற வேண்டும். வயல் என்கிற இன்னொரு வடிவம் அந்த விவரத்தை ஃபர்ம்வேருக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது, எந்தக் கணினியில் செருகினாலும் செயலி தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டில் ஒரு கணினி, அலுவலகத்தில் ஒரு கணினி என்று இருப்பவர்களுக்கு வயல்தான் வசதி.

பைத்தான் தெரிந்தவர்களை கேஎம்கே என்கிற ஃபர்ம்வேர் இழுக்கும், அதில் நியாயம் இருக்கிறது. பிக்கோவில், போர்டிலேயே பைத்தானை ஓட்டுகிற சர்க்யூட்பைத்தானை ஏற்றினால் அது ஒரு டிரைவாகத் தெரியும், உள்ளே இருக்கிற ஃபைலைத் திறந்து திருத்தி சேவ் செய்தால் உடனே புது அமைப்பு ஓடும். சென்சாரைப் படிப்பது, கணினியிலிருந்து வருகிற தகவலைத் திரையில் காட்டுவது மாதிரி வழக்கத்துக்கு மாறான யோசனைகளை க்யூஎம்கேயின் சி மொழியை விட இதில் சுலபமாகச் செய்யலாம். செருகியதும் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: யார் கணினியில் செருகினாலும் உங்கள் மேக்ரோ முழுக்க திறந்த புத்தகம், டிரைவை மறைத்து வைக்க வழி இருந்தாலும். க்யூஎம்கேயிலும் மேக்ரோ அப்படியே பூட்டில்லாமல்தான் கிடக்கும். தயவுசெய்து எந்த மேக்ரோ பேடிலும் கடவுச்சொல்லை வைக்காதீர்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு எந்த ஃபர்ம்வேரிலும் ஒரே சிக்கல் வரும். பேட் அனுப்புவது எழுத்தை இல்லை, விசையின் எண்ணை. நீங்கள் ஆங்கில வாக்கியம் ஒன்றை மேக்ரோவாக வைத்திருக்க, கணினியில் தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், எச் விசைக்குக் க விழும், மீதியும் அப்படியே குழம்பும். இதற்கு நல்ல வழி, பட்டன்களுக்கு எஃப்13 முதல் எஃப்24 வரையிலான விசைகளைக் கொடுப்பது. சாதாரண கீபோர்டில் இவை இல்லை என்பதால் எதனோடும் மோதாது. விண்டோஸில் ஆட்டோஹாட்கீ என்கிற செயலியை வைத்து, எஃப்13 வந்தால் இந்தத் தமிழ் வாக்கியத்தை ஒட்டு என்று எழுதிவிட்டால் எந்த விசைப்பலகை இயங்கினாலும் கவலையில்லை. லினக்ஸில் இவற்றுள் சில வேறு பெயரில் தெரியும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணினியில் ஒரு செயலி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதன் விலை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

வயரிங்கில், பட்டன்கள் வரிசை வரிசையாகப் பின்களைப் பகிர்ந்துகொள்கிற மேட்ரிக்ஸா, பட்டனுக்கு ஒரு பின் என்கிற நேரடியா என்ற கேள்விக்கு என் பதில்: 12 பட்டன் வரை நேரடி. ஒவ்வொரு சுவிட்சின் ஒரு கால் தனி பின்னுக்கு, மறுகால் எல்லாம் சேர்ந்து கிரவுண்டுக்கு, அவ்வளவுதான், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடே வேண்டாம். பிக்கோவில் 12 பட்டன், திருகும் என்கோடருக்கு 3, திரைக்கு 2 போனாலும் 9 பின் மிச்சம். மேட்ரிக்ஸில் 12 பட்டனுக்கு 7 பின் போதும் என்பது உண்மைதான், ஆனால் செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒன்றாக அழுத்தினால் நான்காவதும் அழுத்தியதாகத் தெரியும், அதைத் தடுக்க ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு 1என்4148 டயோடைத் திசை மாறாமல் பற்றவைக்க வேண்டும். புரோ மைக்ரோவில் 18 பின்தான் என்பதால் அங்கே மேட்ரிக்ஸுக்கு அர்த்தம் இருக்கிறது.

வயர்லெஸ் வேண்டும் என்றால் கதையே வேறு. என்ஆர்எஃப்52840 சிப்பும் இசட்எம்கே ஃபர்ம்வேரும்தான் ஒழுங்கான ஜோடி, ஈஎஸ்பி32-இன் ப்ளூடூத் பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும். வண்ண விளக்கு ஆசையையும் விட்டுவிட வேண்டும், டபிள்யூஎஸ்2812 அணைந்திருக்கும்போதும் மின்சாரம் இழுக்கும். மேசையை விட்டு நகராத ஒரு பொருளுக்கு பேட்டரியும் சார்ஜும் தேவையா என்று யோசியுங்கள். டேப்லெட்டில் வரைகிறவர்கள், சோஃபாவில் உட்கார்ந்து வீடியோ எடிட் செய்கிறவர்கள் இதில் செலவு செய்யலாம்.