கனடாவில் பதவியேற்பு: ஆளுநர் நாயகமா, மாகாணத் துணைநிலை ஆளுநரா?

இருவரும் மன்னரின் பிரதிநிதிகள்தான். ஆனால் ஆளுநர் நாயகத்தைப் பிரதமரின் ஆலோசனைப்படி மன்னர் நியமிக்கிறார். துணைநிலை ஆளுநரை நியமிப்பது ஒட்டாவாவிலுள்ள கூட்டாட்சி அரசு, மாகாண அரசு அல்ல. பலரும் குழம்பும் இடம் இதுதான்.

மேரி சைமன் 2021 ஜூலை 26 அன்று செனட் அவையில் ஆளுநர் நாயகமாகப் பதவியேற்றார். ஆளுநர் நாயகத்துக்கு உறுதிமொழி மூன்று: மன்னர் விசுவாசம், பதவி, பெருமுத்திரைக் (அரசின் அதிகாரபூர்வ முத்திரை) காவல். செய்து வைப்பவர் கனடாவின் தலைமை நீதியரசர். மாகாணத்தில் விழா பொதுவாகச் சட்டமன்றத்தில். நியமன ஆணை வாசிக்கப்பட்டபின் மாகாணத் தலைமை நீதிபதி செய்து வைப்பார். 1867 அரசியலமைப்புச் சட்டத்தின் 61ஆம் பிரிவு இதற்கு அடிப்படை.

பீரங்கி வேட்டு ஆளுநர் நாயகத்துக்கு 21, துணைநிலை ஆளுநருக்கு 15. வணக்க இசை மட்டும் இருவருக்கும் ஒன்றே: அரச கீதத்தின் முதல் ஆறு தாள அளவுகள் (bars), பிறகு தேசிய கீதமான 'ஓ கனடா'வின் முதல் நான்கும் கடைசி நான்கும்.

பதவி திடீரெனக் காலியானால்தான் உண்மையான வேறுபாடு தெரியும். 2021 ஜனவரியில் ஆளுநர் நாயகம் ஜூலி பயெட் விலகியதும் தலைமை நீதியரசர் நிர்வாகியாக, அதாவது தற்காலிகமாக அப்பணிகளைச் செய்பவராக, பொறுப்பேற்றார். மசோதாக்களுக்கு ஒப்புதல் தடைபடவில்லை. மாகாண நிர்வாகிக்கு வழிசெய்யும் அதே 1867 சட்டத்தின் 67ஆம் பிரிவோ துணைநிலை ஆளுநர் பணியிடத்தில் இல்லாமை, நோய், இயலாமை ஆகியவற்றை மட்டுமே சொல்கிறது. மரணத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் அங்கே அடுத்தவரை விரைந்து நியமித்தாக வேண்டும். சஸ்காச்சுவான் மாகாணத்தில் துணைநிலை ஆளுநர் தாமஸ் மொல்லாய் 2019 ஜூலை 2 அன்று காலமானார். அவருக்குப் பதிலாக ரஸல் மிராஸ்டி ஜூலை 17 அன்றே நியமிக்கப்பட்டார்.