பிரிட்டிஷா, அமெரிக்கனா? வெளிநாட்டு கிச்சனுக்குக் கிளம்புவோர் முதலில் படிக்க வேண்டிய ஆங்கிலம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகைப் பக்கம் கேட்டரிங் முடித்துவிட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகள் எந்த ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்வது? சிங்கப்பூர் என்றால் பிரிட்டிஷ். அமெரிக்க நிறுவனத்துக் கப்பல் என்றால் அமெரிக்கன். துபாய் ஹோட்டல்களில் செஃப் எந்த நாட்டுக்காரரோ அந்தப் பேச்சுதான்.

காய்கறிப் பெயருக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். நம் பிரிஞ்சால் லண்டனில் ஓபர்ஜீன், நியூயார்க்கில் எக்பிளான்ட். பொருளைக் கையில் எடுத்ததும் பெயர் படிந்துவிடும். வெண்டைக்காயில் மட்டும் உஷார். அமெரிக்கக் கிச்சனில் 'லேடிஃபிங்கர்' என்று எழுதிக் கொடுத்தால் நீள பிஸ்கட்தான் வரும். 'ஓக்ரா' இரண்டு பக்கமும் செல்லும்.

வேலை கெடுவது வினைச்சொல்லில். பிரிட்டிஷ் செஃப் 'கிரில்' என்றால் அனல் மேலிருந்து இறங்க வேண்டும். அமெரிக்கருக்கு அதுவே கம்பி வலையில் வைத்துக் கீழ் நெருப்பில் சுடுவது. மேல் அனலுக்கு அவர் சொல் 'பிராயில்'. கொடுவா மீன் துண்டின் மேல் பிரெட் தூளும் வெண்ணெயும் வைத்து 'கிரில்' என்று பிரிட்டிஷ் குறிப்பு சொல்ல, அதைக் கீழ் நெருப்பில் வைத்தால் அடி கருகும், தூள் சிவக்காது, வெண்ணெய் வழிந்து தீப்பிடிக்கும்.

'டெம்பர்' இருவருக்கும் பொது; மாட்டிக்கொள்வது நாம்தான். நமக்கு அது தாளிப்பு. அவர்கள் கஸ்டர்டில் சொல்வது, சூடான பாலை முட்டைக் கலவையில் சிறிது சிறிதாக ஊற்றி அடிப்பதை. மொத்தமாகக் கொட்டினால் பொடிமாஸ்தான். 'பார்பாயில்' கேட்டதும் புழுங்கலரிசி ஞாபகம் வரும். அது நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து அவித்தது. உருளைக்கிழங்கைப் பார்பாயில் செய் என்றால் அரைவேக்காட்டில் வடித்து எடு, அவ்வளவுதான்.

கார்ன்ஃப்ளவர் பிரிட்டிஷ் குறிப்பில் வெள்ளை ஸ்டார்ச். அமெரிக்கர் அதைக் கார்ன்ஸ்டார்ச் என்பார். அவருடைய கார்ன்ஃப்ளவர் முழு மக்காச்சோளத்தை நைசாக அரைத்த மாவு. அதைச் சாஸில் கரைத்தால் பளபளப்பு வராது, மாவு வாடை நிற்கும்.

அளவிலும் இதே கதை. பிரிட்டிஷ் பைண்ட் 568 மி.லி., அமெரிக்கப் பைண்ட் 473. ஸ்டாக் (எலும்பு, காய்கறி வேகவைத்து வடித்த சாறு) ஒரு பைண்ட் என்றால் கிட்டத்தட்ட 100 மி.லி. வித்தியாசம். அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி. பிரிட்டிஷ் குறிப்புகள் இப்போது பெரும்பாலும் கிராமில் வருவதால், புதிதாகப் படிப்பவருக்கு அதுவே சுலபம். அமெரிக்கக் குறிப்பில் ஓவனுக்கு 350 என்றால் ஃபாரன்ஹீட். செல்சியஸ் டயலில் 180க்குக் கொஞ்சம் கீழே வைத்தால் போதும்.