நீலகிரி பாடம்: மேப்பா, களிமண் மலையா?
நாலாங்கிளாஸ் பசங்களுக்கு நீலகிரி எடுக்கணும்னா சுவத்துல மேப் மாட்டுறது ஈஸிதான், அஞ்சே நிமிஷத்துல மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி எல்லாம் காட்டிடலாம், ஆனா அங்க உசரமான சிகரம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்னு சொன்னா அது அவங்களுக்கு வெறும் நம்பர். களிமண்ல மலை செய்ய விட்டா கை பூரா சேறு, ரெண்டு பீரியட் காலி, ஆனா இந்த ஏத்தத்துல ரயில் எப்படி வழுக்காம போகுதுன்னு அவங்களே கேப்பாங்க, தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கற பல்லுல மாட்டி ஏத்துற பல்சக்கரத்த அப்ப சொன்னா போதும். அப்படியே அந்த மலையோட பழங்குடிங்களான கோத்தர் செய்யற மண்பானை, தோடர் எருமை, பீப்பாய பாதியா வெட்டி கவுத்த மாதிரி தோடரோட பழைய காலத்து வீடுன்னு பேச்சு தானா போகும், அந்த வீட்டயும் களிமண்லயே செஞ்சு வெச்சுடுவாங்க. மேப்புல இந்த மனுஷங்க யாருமே இல்லயே! திசை, எல்லைன்னு வந்தா மட்டும் மேப்தான். என் ஓட்டு களிமண்ணுக்கு, கிளாஸ் பெருக்குற அக்கா திட்டுனாலும் பரவால்ல.