கிட்லேபா, ஜிராவா: எதை எடுப்பது?

இரண்டும் மென்பொருள் குழுக்கள் வேலையைக் கண்காணிக்கும் கருவிகள். கோடு, பைப்லைன் (கோடைத் தானாகச் சோதித்து வெளியிடும் படிகள்), டிக்கெட் (செய்ய வேண்டிய வேலையின் பதிவு; கிட்லேப்பில் ‘இஷ்யூ’) மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் கிட்லேப். மெர்ஜ் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) விளக்கத்தில் ‘குளோசஸ் #45’ என்று எழுதினால் போதும். டீஃபால்ட் பிராஞ்சில் (கோடின் முதன்மைக் கிளையில்) மெர்ஜ் ஆனதும் 45ஆம் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். டீஃபால்ட் ‘மெயின்’ ஆக இருக்க, ‘டெவலப்’ பிராஞ்சில் மெர்ஜ் செய்தால் மூடாது. பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். எபிக் (பல இஷ்யூக்களைச் சேர்த்த பெரிய வேலை) வேண்டுமானால் கட்டணத் திட்டத்துக்குப் போயாக வேண்டும்.

ஜிராவின் உண்மையான பலம் வொர்க்ஃப்ளோ, அதாவது டிக்கெட் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்ற விதிகள். குறிப்பிட்ட ரோலில் இருப்பவர் தவிர வேறு யாரும் டிக்கெட்டை ‘டன்’ (முடிந்தது) நிலைக்கு நகர்த்த முடியாதபடி பூட்டலாம். நிலைகளைப் பதினைந்தாகப் பெருக்கிவிடாதீர்கள். ஐந்தைத் தாண்டினாலே ஆட்கள் டிக்கெட்டை நகர்த்த மறந்துவிடுவார்கள். கோடு அதற்குள் இருக்காது, ரெப்போவை (கோடு இருக்கும் கிடங்கை) தனியாக இணைக்க வேண்டும். கமிட் (பதிவுசெய்த ஒரு கோடு மாற்றம்) மெசேஜில் டிக்கெட் எண் விட்டுப்போனால் அந்த கமிட் டிக்கெட்டில் தெரியாது. ஸ்மார்ட் கமிட் (கமிட் மெசேஜில் எழுதும் கட்டளையால் டிக்கெட்டை மாற்றுவது) வேலை செய்யவில்லையா? கிட்டில் (கோடு மாற்றங்களைப் பதியும் கருவியில்) உள்ள மின்னஞ்சலும் ஜிரா கணக்கின் மின்னஞ்சலும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள்.

டெவலப்பர்கள் மட்டுமே உள்ள சிறு குழுவுக்கு கிட்லேப் தாராளமாகப் போதும். சப்போர்ட், டிசைன் ஆட்களும் டிக்கெட் போடுவார்கள் என்றால் ஜிரா. இரண்டும் வேண்டுமென்றால், கிட்லேப் செட்டிங்ஸில் இஷ்யூ பகுதியை அணைத்துவிட்டு டிக்கெட்டை ஜிராவில் மட்டும் வையுங்கள்.