பேட்டை ரோட்டு லேத்தில் ஆர்எக்ஸ் 100 போர் போட்ட கதை

வீட்டிலேயே இன்ஜின் பிரிச்சுக் கட்டுற ஆளா இருந்தாலும் போர் போட (தேய்ஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு பெரிய பிஸ்டனுக்கு அகலமாக்க) மட்டும் வெளியே போயே ஆகணும். திருநெல்வேலி டவுன் தாண்டி பேட்டை போற வழியில போர்டுகூட இல்லாத ஒரு சின்ன லேத் இருக்கு. நம்பிக் கொடுக்கலாம்.

சிலிண்டரை மட்டும் நீட்டினா லேத் அண்ணாச்சி வாங்க மாட்டார். "பிஸ்டன் எங்க தம்பி? அதைப் பாக்காம நான் சிலிண்டர்ல தேய்க்கிற கல்லை வைக்க மாட்டேன்." ஸ்டாண்டர்ட் போர் 50 மி.மீ., என் பிஸ்டன் 0.50 ஓவர்சைஸ், அதாவது அரை மி.மீ. பெருசு. பெட்டியில அச்சடிச்ச அளவை அவர் நம்பறதில்ல. மைக்ரோமீட்டர்ல பிஸ்டனை அளந்து, அதுக்குத் தக்கபடிதான் போர். சிலிண்டர் சுவத்துல காத்தும் புகையும் போற துளைகள் இருக்கே, அந்த போர்ட் ஓரத்தையும் மழுக்கிக் கொடுக்கிறார். டூ ஸ்ட்ரோக்ல இதை விட்டா ரிங் போர்ட்ல மாட்டி முறியும். மத்த பட்டறையில கெஞ்சிக் கேட்டு வாங்கணும்.

கட்டி முடிச்சு மிதிச்சா உடனே ஸ்டார்ட். ஆனா வெள்ளைப் புகை. புதுப் போர், பெட்ரோல்லயும் கொஞ்சம் 2டி ஆயில் கலந்திருக்கு, முதல்ல புகையத்தான் செய்யும். இது இன்ஜின் நல்லா சூடேறின பிறகும் அடங்கலை. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் "போர் லூசு, லேத்துல ஏமாத்திட்டான்"னு தீர்ப்பே சொல்லிட்டார்.

வண்டியோட லேத்துக்கே போனேன். அண்ணாச்சி கோபப்படலை. "மொதல்ல கியர் ஆயிலை இறக்கி அளந்து பாப்போம், பொறவு சண்டை போடுவோம்" என்றார். ஊத்தினதுல நல்லாவே குறைஞ்சிருந்தது. கிராங்க் ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் ஆயிலையும் காத்தையும் தடுக்கிற ரப்பர் சீல் உண்டு. கிளட்ச் பக்க கிராங்க் சீல் விட்டா இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும், அதான் அந்தப் புகை. மேக்னட் பக்கம் விட்டா காத்து இழுக்கும். ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காது, கவனிக்காம ஓட்டினா பிஸ்டன் பிடிச்சிரும்.

ரெண்டையும் பாத்துரலாம்னு கார்புரேட்டர் வழியையும் சைலன்சர் வழியையும் அடைச்சு, கைப்பம்புல 6 பிஎஸ்ஐ காத்து ஏத்தினார். அதுக்கு மேல போனா நல்ல சீலும் பிதுங்கிரும். மேக்னட் பக்கம் சோப்புத் தண்ணி குமிழ் விடாம அப்படியே நின்னுச்சு. கியர்பாக்ஸ் பிரீதர்ல (காத்து வெளியேறுற துளையில) குழாய் மாட்டி தம்ளர் தண்ணியில விட்டார், குமிழ் குமிழா வருது. அப்போ கிளட்ச் பக்க சீல்தான். மெக்கானிக் இதைப் பாத்திருக்கணும்!

சீல் மாத்தினதும் புகை நின்னுச்சு. பத்தமடை, சேரன்மகாதேவி வழியா அம்பாசமுத்திரம் வரை அரை ஆக்சிலேட்டர்ல, ஒரே வேகத்துல பிடிக்காம ஏத்தி இறக்கி ஓட்டிட்டு பிளக்கைக் கழட்டினா காப்பித்தூள் நிறம், எரியுறது சரியா இருக்குன்னு அர்த்தம். நாலுவழிச்சாலையில விரட்டுற ஆசையை மட்டும் புதுப் போர் பழகுற வரை கொஞ்ச நாள் அடக்கணும்.

குறைன்னா, கூலி மத்த இடத்தைவிடக் கூடுதல் (அந்தக் காத்துச் சோதனைக்குக் காசு வாங்கலை), சொன்ன நாள்ல வேலை முடியாது. போன் அடிச்சாலும் எடுக்க மாட்டார், நேர்லதான் போகணும். பிஸ்டனோட போங்க.